துணி முடிந்த இடத்தில் ஒரு நாடு

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த என் மகன், சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்துப் போடாமல் மேஜைமேல் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தான். மலை, ஆறு, பாலைவனம், தீவு எல்லாம் இருந்தன. ஆனால் அப்படி ஒரு நாடு எந்த அட்லஸிலும் இல்லை. அவனும் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி விளையாடும் கற்பனை உலகமாம் அது. ஒருவன் கதை சொல்வானாம். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு அந்தக் கதைக்குள் நடந்து போவார்களாம். நடந்தது நல்லதா கெட்டதா என்பதை இருபது பக்கமுள்ள பகடை தீர்மானிக்குமாம்.

"இது ராஜஸ்தான் மாதிரிம்மா. இந்தத் தீவு ஜப்பான் மாதிரி. எல்லாம் நெஜத்துலேருந்து எடுத்துக் கொஞ்சம் மாத்துனது" என்றான்.

கீழ் மூலையில் பச்சையாக ஒரு சதுப்புநிலம் இருந்தது. அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அங்கயா? அங்க காட்டுமிராண்டிங்க. கதைன்னா நாலு கெட்டவங்க வேணும்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல அவன் பார்த்தான். அவனுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஐம்பதைத் தாண்டி, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு இதைப் படிக்கிற உங்களுக்குச் சொன்னால் புரியும். இந்த விளையாட்டை நாங்கள் நாற்பது வருஷத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் ஒரு வாடகை வீட்டின் கூடத்தில் விளையாடியிருக்கிறோம். எங்களிடமும் ஒரு சதுப்புநிலம் இருந்தது. எங்கள் கெட்டவர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

அது அடைமழைக்காலம். வெள்ளத்தில் வீடு போனவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்ததால் எங்களுக்கு லீவு. எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாத லீவுக்கு இருக்கும் ருசி வேறு எந்த லீவுக்கும் கிடையாது. எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஒன்பது. கடலூரிலிருந்து அத்தை பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மூத்த பிள்ளைக்குப் பதின்மூன்று வயதான பிறகு வந்த பிரசவம் என்பதால் பெரியவர்கள் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். அந்த மூத்த பிள்ளையும் கூடவே வந்திருந்தான். நான் அவனை மாமா என்பேன், தம்பி மச்சான் என்பான். குடிகாட்டுப் பக்கம் ரசாயனத் தொழிற்சாலைகளின் புகைக்கூண்டுகளை எண்ணியே வளர்ந்தவன். தனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று ஒத்துக்கொள்ளவே மாட்டான்.

உலகத்தை உண்டாக்கலாம் என்று சொன்னது அவன்தான்.

துணி எங்கள் அப்பா தந்தது. அப்பா பாசன அலுவலகத்தில் படம் வரைபவர். அந்தக் காலத்தில் வாய்க்கால் படங்களை ட்ரேசிங் துணி என்று ஒன்றில் மையால் வரைவார்கள். லேசான நீல நிறத்தில், மெழுகு போட்டதுபோல வழவழவென்று, மடித்தால் மொடமொடக்கும். கெட்டுப்போன படங்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவற்றில் ஒன்றின் மறுபக்கத்தில் எங்கள் உலகம் எழுந்தது. தரையில் குப்புறப் படுத்து வரைவோம். மையின் வாசனையும் ஈரச் சுவரின் வாசனையும் உள்ளறையிலிருந்து அத்தைக்குப் போட்ட சுக்குக் கஷாயத்தின் வாசனையும் ஒன்றாகக் கலந்து வரும். இப்போதும் சுக்கு தட்டினால் எனக்கு அந்தத் துணிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

வடக்கே புகை நாடு, அத்தை மகனுடையது. அங்கே ராஜாவே கண்ணாடி முகமூடி போட்டுக்கொண்டுதான் கொலுவீற்றிருப்பார். அதற்கும் மேலே வெள்ளைச்சுவர் நாடு. அது பாண்டிச்சேரி. அங்கே போலீஸ்காரர்கள் சிவப்புத் தொப்பி வைத்திருப்பார்கள் என்ற ஒரே விஷயத்தை வைத்து ஒரு நாட்டையே கட்டிவிட்டோம். நடுவில் தம்பியின் தேர் நாடு. அதன் தலைநகரத்துக்குச் சக்கரம் உண்டு. குடிமக்கள் வடம் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் தலைநகரம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறிக்கவே முடியாது. எதிரி படையெடுத்து வருவதற்குள் தம்பி அதை அடுத்த தெருவுக்கு இழுத்துவிடுவான்.

மேற்கே கதிர் நாடு. நான்தான் அதன் ராணி. கீரப்பாளையத்தில் எங்கள் சொந்தக்காரர்களின் நிலங்களைப் பார்த்து நான் செய்தது. அங்கே வாய்க்காலில் தண்ணீர் வராமல் கல்யாணம் நடக்காது, குழந்தைக்குப் பேர் வைக்கமாட்டார்கள்.

எங்கள் உலகத்தில் மூன்று ஆறுகள். மூன்றும் மதகு ஷட்டரில்தான் பிறந்தன. மலையில் பிறக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாசன அலுவலகத்துக்காரர் பிள்ளைகள், கடைமடைக்காரர் பேரப்பிள்ளைகள். ஆறு என்றால் ஒரு ஷட்டர், அதன் சாவியோடு காக்கிச் சட்டை போட்ட ஒரு லஸ்கர், அவர் திருகினால் தண்ணீர், அவ்வளவுதான். அப்பா ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, "மதகெல்லாம் சரியா போட்டிருக்குதுங்க. ஜியாகரபி நல்லா படிக்குதுங்க" என்று அம்மாவிடம் பெருமைப்பட்டார்.

கதை சொல்பவனுக்கு விதி என்று பெயர். அத்தை மகன்தான் விதி. "விதி சொல்லுது, உன் நாட்டுல வாய்க்கால் தூர்ந்துபோச்சு. இன்னா பண்ணுவ?" என்பான். நான் ராணியாகப் பதில் சொல்ல வேண்டும். பிறகு ஐந்து புளியங்கொட்டைகளை உருட்டுவேன். ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிய கொட்டைகள். வெள்ளை ஜாஸ்தி விழுந்தால் நான் சொன்னது பலிக்கும்.

கிழக்கே துணியின் ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அங்கே வேர் நாடு என்று வைத்தோம். அதாவது பிச்சாவரம். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே. எங்களில் ஒருவரும் போனதில்லை. தண்ணீருக்குள் காடு, வேர்களுக்கு நடுவே வழி தெரியாது என்று கேள்விப்பட்டதோடு சரி. எழுத்து அழகாக இருக்கும் என்பதால் நான்தான் எழுதுவேன். விதி சொன்னான்: "இங்கே சட்டம் கிடையாது. வழி தவறி வருகிறவர்களை வேரில் கட்டிப்போடுவார்கள்." எழுதினேன். தம்பி சிரித்தான். அவனை இன்னும் சிரிக்கவைக்க வேண்டும் என்று நானாக மூன்றாவது வரி ஒன்றைச் சேர்த்தேன். "கிட்டே போனால் மீன் நாற்றம் குடலைப் பிடுங்கும்." தம்பி தரையில் புரண்டான். விதியே வாயைப் பொத்திக்கொண்டது. நான் எழுதி இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் உயிர்த்தோழியின் ஊர் அந்தப் பக்கம்தான். அவள் அப்பா படகில் போய் வலை வீசுகிறவர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அவள் சித்தி எங்கள் வீட்டுப் பின்போர்ஷனில் குடியிருந்தார். சித்தி வீட்டில் தங்கி அவள் என் வகுப்பில் படித்தாள். மழைக்கு ஊருக்குப் போனவள் பஸ் ஓடாததால் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த வரியை எழுதும்போது அவள் நினைவு எனக்கு வரவே இல்லை. சத்தியமாக வரவில்லை. அவள் வேறு, துணியின் ஓரத்தில் இருந்த நாடு வேறு என்று எப்படி நினைத்தேன் என்பது இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை.

பஸ் விட்டதும் அவள் வந்தாள். பாதி நனைந்த பாவாடையோடு நேராக எங்கள் கூடத்துக்கு வந்து துணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பார்த்ததில் வந்த சந்தோஷத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. ஒவ்வொரு நாடாகக் காட்டினேன். கிழக்கு ஓரத்துக்கு வந்ததும் அவள், "கடல் எங்க?" என்றாள்.

"அதோட உலகம் முடிஞ்சிடுச்சு" என்றான் அத்தை மகன்.

"துணிதான் முடிஞ்சிருக்குது" என்றாள்.

அவன் துணியின் ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தான். அவள் குனிந்து, உதடுகள் அசைய, ஓரத்தில் இருந்த மூன்று வரிகளைப் படித்தாள். மூன்றாவதில் உதடு நின்றது. அப்போதுதான் அது அவள் ஊர் என்று எனக்கு உறைத்தது.

"இது உன் எழுத்து" என்றாள்.

"மாமா சொன்னாரு. நான் எழுதுனேன், அவ்ளோதான்."

"ரெண்டு வரிதான் நான் சொன்னேன். மூணாவது அவளா எழுதுனது" என்றது விதி. பதின்மூன்று வயதுப் பையனின் நேர்மையைப் போல ஆபத்தானது வேறு கிடையாது.

அவள் அழவில்லை. சித்தி தேடுவாங்க என்று எழுந்தாள். அந்த நேரம் பார்த்து அம்மா என்னுடைய பழைய கவுன் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். "நனைஞ்சுபோயிருக்கியேம்மா. இந்தா, நீயே வெச்சுக்க. இவளுக்குச் சின்னதாயிடுச்சு." பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, வசதி இல்லாத வீட்டுப் பெண் கூச்சப்படுகிறது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். தோழி அதையும் வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை துவைக்கிற கல்லின்மேல் அந்தக் கவுன் இஸ்திரி போட்டு மடித்து இருந்தது. அதன்மேல் ஒரு பெரிய பொட்டலம் காய்ந்த இறால். "எவ்ளோ நன்றி பாரு அந்தப் புள்ளைக்கு" என்று அம்மா உருகினாள். அது நன்றி இல்லை, பதில் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்தது. அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. அன்று இறால் தொக்குக்கு வீடே அடித்துக்கொண்டது. நான் மட்டும் மோர்ச்சோற்றோடு எழுந்துவிட்டேன்.

அப்பாவின் பிளேடை எடுத்து மூன்றாவது வரியைச் சுரண்டினேன். மை தவறானால் அவர் அப்படித்தான் சுரண்டி எடுப்பார். அவர் கைக்கு வந்தது எனக்கு வரவில்லை. பூச்சு போய், நூல் பிரிந்து, துணியில் எட்டணா அளவுக்கு ஓட்டை விழுந்தது. முன்பாவது தேடிப் படிக்க வேண்டும். இப்போது யார் பார்த்தாலும் முதலில் ஓட்டைதான் தெரிந்தது.

அதற்கு மறுநாள் உலகம் அழிந்தது. ட்ரேசிங் துணியைச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்தால் பூச்செல்லாம் போய்ப் பூப்போல வெள்ளைத் துணி கிடைக்கும். கைக்குட்டை தைப்பார்கள், குழந்தைக்கு இடுப்புத்துணி கட்டுவார்கள். அத்தைக்கு நாள் நெருங்கிவிட்டது என்று அம்மா வீட்டிலிருந்த துணிகளையெல்லாம் அண்டாவில் போட்டிருக்கிறாள். நாங்கள் கடைக்குப் போய்த் திரும்பியபோது புகை நாடும் கதிர் நாடும் தேர் நாடும் கொடியில் வெள்ளையாகத் தொங்கின. அத்தை மகன் படியில் உட்கார்ந்து அழுதான். அவ்வளவு பெரிய விதி அழுததை நான் எதிர்பார்க்கவில்லை. "எல்லா ஊரும் போச்சே மச்சான்" என்று தம்பி அவன் முதுகைத் தடவினான். உள்ளே படுத்திருந்த அத்தை, "பொறக்கப்போற புள்ளைக்குத்தானேடா, இதுக்கா அழுவுற?" என்றாள். இரண்டே நாளில் ஒரு தங்கச்சி பிறந்து, எங்கள் உலகம் முழுவதையும் ஒரே ராத்திரியில் நனைத்துவிட்டாள். அவளுக்கும் இப்போது நரைத்துவிட்டது. பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லி வம்பிழுப்பேன்.

எனக்கு மட்டும் அந்தத் துணி வெளுத்ததில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது. பின்போர்ஷனுக்கு ஓடினேன். அவள் வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் அழிஞ்சுபோச்சு" என்றேன். "அம்மா வேகவெச்சுட்டாங்க."

"எங்க ஊருமா?"

"எல்லா ஊரும்."

அவள் இன்னொரு நகத்தை வெட்டினாள். "சரி, விளையாட வரேன். ஆனா இனிமே நான்தான் விதி. நீ ராணி இல்ல. எங்க ஊர்ல இருக்கணும்."

துணி இல்லாததால் எல்லை எது, ஆறு எது என்று எங்களுக்குள் ஒரே சண்டை. அதனால் அத்தை மகனும் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டான். பத்து நாள் அவள் சொன்னாள், நாங்கள் நடந்தோம். வேர் நாட்டில் நான் நண்டு பிடிக்கும் பெண். முதல் நாளே அவள், "எங்க ஊர்ல ஆறு ரெண்டு பக்கமும் ஓடும்" என்றாள்.

"ரெண்டு பக்கமுமா? எந்த ஷட்டர்லேருந்து வருது?" என்றான் அத்தை மகன்.

"நெலாதான் ஷட்டரு."

அதற்குப் பிறகு அவள் எது சொன்னாலும் வேதம்தான். வேர் நாட்டு வழக்கங்களை நான் ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டேன். வடித்த சோற்றில் முதல் கவளம் நண்டுக்கு. கிளம்புகிறவரிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது, தண்ணி ஏறுதா இறங்குதா என்றுதான் கேட்க வேண்டும். படகில் ஏறுமுன் மூன்று தடவை தண்ணீரைத் தொட்டு அம்மா பேரைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நாம் யார் என்று தண்ணீருக்குத் தெரியாது. புளியங்கொட்டை உருட்டும் ஒவ்வொரு முறையும் நான் தரையைத் தொட்டு அம்மா பேரைச் சொன்னேன். அடுக்களையிலிருந்து அம்மா, "ஏன்டி பேரச் சொல்லிக் கூப்புடற?" என்று கத்துவாள்.

விளையாட்டில் அவ்வளவு பேசியவள், விளையாட்டு முடிந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போவாள். பத்து நாளும் அப்படித்தான். பள்ளிக்கூடம் திறந்தால் என் பக்கத்தில் உட்காருவாளா மாட்டாளா என்பதே எனக்குப் பெரிய பயமாக இருந்தது. வேறு தோழி கிடைப்பாள் என்று இப்போது சொல்லலாம். பன்னிரண்டு வயதில் அப்படியெல்லாம் தோன்றாது.

மழை விட்டபின் ஒருநாள் அவள் அப்பா வந்தார். ஊருக்குப் போய் மறுநாள் திரும்பலாம் என்று அவளைக் கூட்டிப்போக வந்திருந்தார். "இவளும் வரட்டும்பா" என்றாள் அவள். என் காதையே நம்ப முடியவில்லை. அம்மா தயங்கினாள். எங்கள் அப்பாதான், "போயிட்டு வரட்டும், ஜியாகரபிதானே" என்றார்.

பிச்சாவரத்துக் கரையில் நாலைந்து பேர் உட்கார்ந்து வலையின் கிழிசல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகு தயாராக நின்றது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, மூன்று தடவை தண்ணீரைத் தொட்டு, எங்கள் அம்மாவின் பேரை உரக்கச் சொன்னேன். தண்ணீருக்குக் கேட்க வேண்டுமே.

வலைக்காரர்கள் சிரித்தார்கள். "இன்னாமா பண்ணுது அந்தப் புள்ள? டவுன் புள்ளைங்க தண்ணியப் பாத்தா கும்புடும் போல" என்றார் ஒருவர். மற்றவர்கள் இன்னும் சிரித்தார்கள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. முகமெல்லாம் கறுத்துப்போய்த் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா பேர ஏம்மா சொன்ன?" என்று அவள் அப்பா என்னிடம் கேட்டார்.

"சொல்லலன்னா நாம யாருன்னு தண்ணிக்குத் தெரியாதாமே. உங்க ஊரு வழக்கம்" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் குந்தினார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை தண்ணீரைத் தொட்டார். தன் அம்மாவின் பேரைச் சத்தமாகச் சொன்னார்.

"வயசாவுதுல்ல, மறந்துபூடுது" என்றார் என்னிடம்.

கரையில் சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் சிரித்தவர் வலையைப் பார்த்தபடி, "நல்ல மனுஷி அது" என்றார்.

படகு உள்ளே போனது. இருபுறமும் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நின்றன. சேற்று வாசனை, அழுகிய இலை வாசனை, உப்பு. நான் எழுதியிருந்த நாற்றம் அங்கே எங்கும் இல்லை. அவள் என் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"பொய் அது" என்றாள். "தண்ணியத் தொடறது, நண்டுக்குச் சோறு, எல்லாம் நான் கட்டுனது. எல்லாரும் உன்னப் பாத்துச் சிரிக்கணும்னுதான் இட்டாந்தேன்."

"நெலா?"

"நெலா நெஜம்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "நான் எழுதுனதும் பொய்தான்" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். படகு லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

"யப்பா" என்று கூப்பிட்டாள். "ஆயா பேரு அதுவா?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"நீ சொன்னதே இல்லயே."

அவர் மூங்கில் கழியை இரண்டு மூன்று தடவை ஊன்றித் தள்ளினார். அவள் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவராம். தானே அந்தப் பேரைச் சொல்லிப் பல வருஷம் ஆகிவிட்டது என்றார். பிறகு இன்னொரு தடவை சொன்னார், இந்த முறை மெதுவாக.

அவள் அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னையும் சொல்லச் சொன்னாள்.